அச்சில் அமர்ந்த குண்டுகள்

இலண்டனின் புறநகர் ஒன்றில் வாழும் எனது பள்ளித் தோழர், தன் வீட்டுப் பின்வளவில் உள்ள மரக் கொட்டகையில் புகையிரத இயந்திரங்கள் செய்கிறார். வேலையால் வந்தபின் இரவு பதினொரு மணிவரை அங்கேதான் கிடக்கிறார் என்பது அவரது மனைவியின் முறைப்பாடு. அவர் செய்பவை மெய்யான இயந்திரங்களின் 43.5இல் ஒரு பங்கு அளவுடைய மாதிரிகள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே 32 மில்லிமீற்றர் அகலமுள்ள பாதையில் மின்சாரத்தால் ஓடுபவை. இந்த அளவை ‘ஓ கேஜ்’ என்பார்கள்.

சென்ற முறை நான் போயிருந்தபோது, ஆறு சில்லுகள் கொண்ட பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்திருந்தார். பல ஆண்டுகள் கண்காட்சிகளில் மணிக்கணக்காக ஓடிய இயந்திரம் அது. அச்சுகளைத் தாங்கிய பித்தளைப் புஷ்கள் தேய்ந்து, வட்டமாக இருந்த துளைகள் முட்டை வடிவமாகியிருந்தன. அதனால் மோட்டாரின் பற்களும் அச்சின் பற்சில்லும் ஒன்றையொன்று சரியாகப் பற்றாமல் இரைந்தன. புஷ்களை நீக்கி, அவற்றின் இடத்தில் குண்டுப் போதிகைகளைப் பொருத்துவதே அன்றைய வேலை. மூன்று அச்சுகள், ஆறு போதிகைகள்.

‘பெயாரிங்’ என்பதற்கு எமது தொழினுட்பப் பாடநூல்கள் கொடுத்த தமிழ் ‘போதிகை’. கோயில் மண்டபத்தில் தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கி நிற்கும் உறுப்புக்கும் அதுதான் பெயர். யாழ்ப்பாணத்துச் சைக்கிள் கடைகளில் அந்தச் சொல் நுழையவில்லை. அங்கே அவை ‘போல்ஸ்’ மட்டுமே.

அந்தச் சைக்கிள் கடைகளில்தான் எனக்கு அவை அறிமுகமாயின. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றது. எரிபொருள் தடையால் வாகனங்களும் ஒவ்வொன்றாக நின்றன. பத்திரிகைக்குச் செய்தி சேகரிப்பதும், அச்சிட்ட பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டுசெல்வதும் சைக்கிளில் என்றாயிற்று. எங்கள் அலுவலகத்துக்கு அருகே கடை வைத்திருந்த ஒருவர், முன்சில்லைக் கழற்றி, குண்டுகளைச் சிரட்டையில் எடுத்து, விலைமதிப்புள்ள மண்ணெண்ணெயில் ஒரு சிறங்கை மட்டும் விட்டுக் கழுவுவார். பின்னர் பக்கத்துக்குப் பத்தாக எண்ணி, கிறீஸ் பூசிய கிண்ணத்தில் அடுக்குவார். ஒரு குண்டு மண்ணில் உருண்டுவிட்டால் வேலை நின்றுவிடும். அதைத் தேடி எடுத்த பிறகே அடுத்த ஆளின் சைக்கிளில் கை வைப்பார்.

தோழர் எனது முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மச்சான், நீ வரலாறு படிச்சனிதானே. சைக்கிளுக்கு எப்பவோ வந்த போல்ஸ் கோச்சிக்கு வர ஏன் அவ்வளவு காலம் எடுத்தது? மொடலுக்கு வர அதைவிடக் கூடக் காலம் எடுத்தது?”

கலைப்பட்டதாரியான நான் உடனே விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஊர் திரும்பியபின் தேடிப் படித்தேன். படித்ததன் சாரத்தை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

வழுக்குவதைவிட உருள்வது எளிது என்பது மனிதனுக்கு மிகப் பழைய அறிவு. இத்தாலியில் நேமி என்ற ஏரியின் நீரை வடித்தபோது, உரோமப் பேரரசன் கலிகுலாவின் காலத்து இரண்டு பெருங்கப்பல்கள் வெளிப்பட்டன. 1932 வரை நடந்த அந்த மீட்பில், சுழலும் மேடை ஒன்றைத் தாங்கியதாகக் கருதப்படும் வெண்கலக் குண்டுகளும் கிடைத்தன. அக்கப்பல்கள் 1944இல் போரின்போது தீயில் அழிந்தன. லியனார்டோ டாவின்சியும் தமது குறிப்பேடுகளில் குண்டுப் போதிகையை வரைந்திருக்கிறார். 1794இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த இரும்புத் தொழிலதிபர் பிலிப் வோன், வண்டி அச்சில் குண்டுகளைப் பொருத்துவதற்குக் காப்புரிமை பெற்றார். ஆகவே யோசனைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. குண்டுக்குத்தான் பஞ்சம்.

ஒரு வளையத்தில் பத்துக் குண்டுகள் இருந்து, அவற்றில் ஒன்று மற்றவற்றைவிட மயிரிழை பெரிதாக இருந்தால், முழுப் பாரத்தையும் அந்த ஒன்றே சுமக்கும். அது உடையும், அல்லது ஓடும் பாதையைக் குழியாக்கும். எனவே பத்துக் குண்டுகளும் சம அளவாகவும், முழு உருண்டையாகவும், வன்மையான உருக்காகவும் இருக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் பட்டறையில் அத்தகைய குண்டைச் செய்ய வழி இல்லை.

சைக்கிள் முந்திக்கொண்டதற்குக் காரணம் அதன் பாரம் சிறிது என்பதே. 1869இல் பாரிஸைச் சேர்ந்த ஜூல் சூரிரே சைக்கிள் அச்சுக்கான குண்டுப் போதிகைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் நகர்வரை நடந்த ஓட்டப் போட்டியில், அத்தகைய போதிகை பொருத்திய சைக்கிளில் ஜேம்ஸ் மூர் வென்றார். ஒரு மனிதனின் பாரத்தையும் அவனது கால் வலுவையும் மட்டுமே தாங்கவேண்டிய இடத்தில், குறைபாடுள்ள குண்டுகளும் போதுமாயிருந்தன.

அடுத்த பெரும்படி 1883இல் ஜேர்மனியின் ஷ்வைன்பூர்ட் நகரில் வைக்கப்பட்டது. பிரீட்ரிக் பிஷர் என்பவர், உருக்குக் குண்டுகளைச் சம அளவாகவும் சரியான உருண்டையாகவும் அரைத்தெடுக்கும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். குண்டு கைவினையாக இருந்த நிலை மாறி, ஆயிரக்கணக்கில் செய்யப்படும் பொருளாயிற்று. 1907இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் துணி ஆலை ஒன்றின் பொறியியலாளரான ஸ்வென் விங்குவிஸ்ட் இன்னொரு சிக்கலைத் தீர்த்தார். களிமண் நிலத்தில் நின்ற அந்த ஆலையின் கட்டடம் சற்றுச் சற்றாக அசைய, நீண்ட சுழல்தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகிப் போதிகைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தன. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் குண்டுப் போதிகையை அவர் வடிவமைத்தார். எஸ்.கே.எப். நிறுவனம் பிறந்தது இவ்வாறுதான்.

புகையிரதமோ இந்தக் காலம் முழுவதும் எண்ணெயை நம்பியிருந்தது. அதை அறியாமை என்று எண்ணிவிடக்கூடாது. 1883 அளவில் பொசம்ப் ரவர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர், புகையிரத அச்சை ஒத்த நான்கு அங்குலக் குறுக்களவுள்ள தண்டை எண்ணெயில் சுழலவிட்டு ஆராய்ந்தார். எண்ணெய் விடுவதற்காகப் போதிகையின் உச்சியில் துளை ஒன்றை இட்டார். எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக அத்துளையால் மேலெழுந்து வழிந்தது. மரத்தக்கையால் அடைத்தார். எண்ணெய் தக்கையைத் தள்ளி வெளியேற்றியது. அழுத்தமானியைப் பூட்டிப் பார்த்தபோது சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தலைக் கடந்து சென்றது. சுழலும் அச்சு, எண்ணெயைத் தனக்கும் போதிகைக்கும் இடையே இழுத்து, ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்க, பாரம் அதன்மேல் மிதக்கிறது என்பது அப்போதுதான் புலப்பட்டது. 1886இல் ஒஸ்போன் ரெனோல்ட்ஸ் அதற்கான கணிதக் கோட்பாட்டைத் தந்தார்.

வேகமாகச் சுழலும் கனத்த அச்சு எண்ணெயில் மிதக்குமானால் குண்டு எதற்கு? நியாயமான கேள்விதான். ஆனால் மிதப்பதற்கு வேகம் வேண்டும். நின்ற வண்டி புறப்படும் கணத்தில் படலம் இல்லை. உலோகம் உலோகத்தில் உராயும். நீண்ட சரக்கு வண்டியைச் சாரதி முதலில் பின்னுக்குத் தள்ளி, இணைப்புகளைத் தளரவிட்டு, பெட்டிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் புறப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெய்ப் படலம் அறுந்தாலும் ஆபத்துத்தான். 1938 ஜூலை 3ஆம் திகதி, ‘மல்லார்ட்’ என்ற பிரித்தானிய நீராவி இயந்திரம் மணிக்கு 126 மைல் வேகத்தை எட்டி உலக சாதனை படைத்தது. அந்த ஓட்டத்திலேயே, நடு உருளையின் இயக்குதண்டு அச்சைப் பற்றும் போதிகையின் உலோகம் சூடேறி உருகியது. சாதனை படைத்த இயந்திரம் இலண்டன்வரை செல்ல முடியாமல் பீற்றர்பரோவில் நிறுத்தப்பட்டது.

இதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1930இல், அமெரிக்காவின் ரிம்கன் நிறுவனம் ஒரு நீராவி இயந்திரத்தைச் செய்வித்திருந்தது. அதன் எல்லா அச்சுகளிலும் குண்டுகளுக்குப் பதிலாக உருளைகள் இருந்தன. குண்டு தனது பாதையை ஒரு புள்ளியில்தான் தொடும். உருளையோ ஒரு கோட்டில் தொடும். எனவே பெரும்பாரத்துக்கு உருளையே ஏற்றது. 1111 என்ற இலக்கமிடப்பட்ட அந்த இயந்திரத்தைப் புகையிரத நிறுவனங்களுக்கு இரவலாகக் கொடுத்து ஓட்டிக் காட்டினார்கள். சிக்காகோவில் 150 தொன்னுக்கு மேற்பட்ட அந்த இயந்திரத்தை மூன்று பெண்கள் கயிறு பூட்டி இழுத்துக் காட்டினார்கள். விளம்பரம்தான், ஆனால் பொய் விளம்பரம் அல்ல. 1933இல் நோர்தேர்ன் பசிபிக் புகையிரத நிறுவனம் அதை வாங்கி, 2626 என்ற இலக்கத்தில் 1950களின் பிற்பகுதிவரை ஓட்டியது.

மாதிரி இயந்திரங்களின் கதை இதற்கு இணையாக வேறொரு தடத்தில் ஓடியது. பிரித்தானியாவில் ‘மொடல் என்ஜினியர்’ சஞ்சிகை 1898இல் தொடங்கியது. அடுத்த ஆண்டில் நோர்தாம்ப்டனில் பசெற்-லோக் நிறுவனம் மாதிரிகளை விற்கத் தொடங்கியது. பிராங் ஹோர்ண்பி 1920இல் தகர இயந்திரங்களைச் சந்தைக்கு விட்டார். இந்தச் சிறு இயந்திரங்களில் அச்சு பெரும்பாலும் தகட்டில் இட்ட துளையிலோ, பித்தளைப் புஷ்ஷிலோதான் சுழன்றது. ஒரு சொட்டு எண்ணெய் போதும் என்பது அக்கால நம்பிக்கை.

உண்மையில், எண்ணெய் மிகக் குறைவாக உதவும் இடம் மாதிரிதான். கணக்கு எளிது. ஆறு அடிச் சில்லுள்ள மெய்யான இயந்திரம் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும்போது, ஒன்பது அங்குலத் தடிப்புள்ள அதன் அச்சின் மேற்பரப்பு செக்கனுக்கு மூன்று மீற்றருக்கு மேல் நகர்கிறது. அதற்குச் சமமான வேகத்தில் ஓடும் ‘ஓ கேஜ்’ மாதிரியில் அச்சின் தடிப்பு 3/16 அங்குலம். அதன் மேற்பரப்பு செக்கனுக்கு ஏழு சென்ரிமீற்றர் மட்டுமே நகர்கிறது. அந்த வேகத்தில் எண்ணெய்ப் படலம் எளிதில் உருவாகாது. பெரிய இயந்திரம் புறப்படும் கணத்தில் மட்டும் படும் துன்பத்தை, சிறிய இயந்திரம் தனது வாழ்நாள் முழுவதும் படுகிறது. பித்தளைத் துளை முட்டை வடிவமாவது அதனால்தான்.

ஆகவே குண்டு மிகவும் தேவைப்பட்ட இடத்துக்கே அது கடைசியாக வந்துசேர்ந்தது. இடையில் நின்றது விலை. அந்த விலையில் போரின் கணக்கும் அடக்கம். 1943 ஓகஸ்ட் 17ஆம் திகதியும் ஒக்ரோபர் 14ஆம் திகதியும் அமெரிக்க விமானங்கள் ஷ்வைன்பூர்ட்டின் போதிகைத் தொழிற்சாலைகளைத் தாக்கின. பிஷர் தனது அரைக்கும் இயந்திரத்தை அமைத்த அதே நகர். இரண்டாவது தாக்குதலில் மட்டும் 60 குண்டுவீச்சு விமானங்கள் திரும்பி வரவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வாய்த்திருப்பதால் சொல்கிறேன்: குண்டுகளுக்காக வீசப்பட்ட குண்டுகள் அவை.

பிரித்தானியாவும் போதிகைக்காகச் சுவீடனை நம்பியிருந்தது. நடுநிலை நாடான சுவீடன் ஜேர்மனிக்கும் அவற்றை விற்றது. ஜேர்மன் காவலைக் கடந்து அவற்றைக் கொண்டுவர, வேகப் படகுகளை இருட்டில் வட கடல் வழியே அனுப்பினார்கள். ‘மொஸ்கிற்றோ’ விமானங்கள் ஸ்கொட்லாந்துக்கும் ஸ்டொக்ஹோமுக்கும் இடையே பறந்தன. குண்டு வைக்கும் அறையில் சில வேளை ஒரு பயணியும் படுத்து வருவார். 1943 ஒக்ரோபரில் பௌதிகவியலாளர் நீல்ஸ் போர் அவ்வாறுதான் பிரித்தானியாவுக்கு வந்தார். ஒரு நாட்டின் போர் எந்திரத்தை நிறுத்தக்கூடிய பொருள், கொட்டகையில் விளையாட்டு இயந்திரம் செய்பவனின் கைக்கு எப்படி வரும்? மெக்கானோ தொழிற்சாலையே அப்போது பொம்மைகளை நிறுத்திவிட்டுப் போர் வேலைக்கு மாறியிருந்தது.

அமைதிக் காலத்தின் உற்பத்திதான் விலையை இறக்கியது. 1951இல் ஜப்பானில் மிகச் சிறிய போதிகைகளுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் தொழிற்சாலைகள் பின்னர் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் அமைந்தன. ஒளிநாடாக் கருவிகள், கணினியின் வன்தட்டுகள், குளிரூட்டும் விசிறிகள் ஆகியவற்றுக்காகச் சிறு போதிகைகள் கோடிக்கணக்கில் செய்யப்பட்டன. அந்த வெள்ளத்தின் ஓரத்தில் வழிந்த சில துளிகளே மாதிரி இயந்திரக்காரரின் மேசைக்கு வந்தவை.

தோழரின் மேசையில் இருந்தது அத்தகைய போதிகை. உள்துளை 3/16 அங்குலம், வெளிக்குறுக்களவு 5/16 அங்குலம், தடிப்பு எட்டில் ஒரு அங்குலம். தூசு புகாதிருக்க இருபுறமும் மெல்லிய உலோக மூடி. இறப்பர் மூடியுள்ளவற்றை அவர் வாங்குவதில்லை. இத்தனை சிறிய அளவில், குண்டு மிச்சப்படுத்தும் உராய்வைவிட இறப்பரின் பிடிப்பு அதிகமாகிவிடும் என்றார்.

பொருத்தும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துளைகளின் இடத்தை அளவுகோலால் குறிக்கவில்லை. சில்லுகளை ஒன்றோடொன்று இணைக்கும் தண்டையே அச்சுகளில் மாட்டி, அதன் துளைகளுக்கு இசைவாகப் போதிகைகளின் இடத்தை நிச்சயித்தார். தண்டின் துளைகளுக்கு இடையேயான தூரமும் அச்சுகளுக்கு இடையேயான தூரமும் வேறுபட்டால் இயந்திரம் சுற்றுக்கு ஒருமுறை இறுகும். துளையை ரீமரால் சிறுகச் சிறுகப் பெருப்பித்தார். போதிகை விரலழுத்தத்தில் அமரவேண்டும். ஆடவும் கூடாது, அடித்து இறுக்கவும் கூடாது. ஊசி முனையால் வெளிவளையத்தைச் சுற்றி ஒரு பொட்டுப் பசை. அது உள்ளே கசிந்தால் குண்டுகளே ஒட்டிக்கொள்ளும்.

முதன்முதலாக இந்த வேலையைச் செய்தபோது ஒரு போதிகையைச் சுத்தியலால் தட்டி ஏற்றினாராம். தட்டியது உள்வளையத்தில். அடியின் வேகம் குண்டுகளின் வழியாகப் பாதைக்குச் சென்று, ஒவ்வொரு குண்டும் தனக்குக் கீழே ஒரு குழியைப் பதித்துவிட்டது. அதன்பின் அந்த அச்சு சுழலும்போதெல்லாம் கடகடவென்று குழிக்குக் குழி விழுந்தது. பொறியியலாளர் இப்பழுதுக்கு வைத்த பெயர், சுவீடன் நாட்டு யோகான் ஓகஸ்ட் பிரினெல்லின் பெயரிலிருந்து வந்தது. உலோகத்தின் வன்மையை அளக்க, ஒரு குண்டை அதன்மேல் அழுத்திப் பதியும் குழியை அளக்கும் முறையை 1900இல் வெளியிட்டவர் அவர்.

வேலை முடிந்து இயந்திரத்தை ஓடவிட்டார். இரைச்சல் அடங்கியிருந்தது. “இப்ப கூடப் பெட்டி இழுக்குமோ?” என்று கேட்டேன்.

“பெரிசா இல்லை, மச்சான். மோட்டாரின்ரை புழுப்பல்லிலைதான் சக்தி கூடுதலாப் போகுது. தள்ளிப் பார், தானா உருளாது. போல்ஸ் போட்டது இலகுவா ஓட இல்லை. துளை வட்டமா இருக்க. மின்சாரத்தையும் போல்ஸுக்குள்ளாலை விடேலாது. பொறி பறந்து பாதை கருகும். அதுக்குச் சில்லிலை தொட்டு நிக்கிற கம்பி வேறையாப் போடவேணும்.”

தேய்ந்த பழைய புஷ்களை அவர் எறியவில்லை. தகரப்பேணி ஒன்றில் போட்டார். புஷ் மன்னிக்கும் குணமுடையது என்பது அவரது கருத்து. துளை சற்றுப் பிசகினாலும் ஓடி ஓடித் தனக்கேற்ற இடத்தைத் தேய்த்து எடுத்துக்கொள்ளும். போதிகை பிசகை மன்னிக்காது. குண்டு இத்தனை பிந்தி வந்ததற்கு நான் தேடிக் கண்ட விடையும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. உருள்வது எளிது என்பதை உரோமர் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். பிசகில்லாமல் செய்யவும், அதை ஏழையும் வாங்கும் விலைக்குச் செய்யவும்தான் இத்தனை காலம் எடுத்தது.

3/16 அங்குலம் என்ற அளவை அவர் சொன்னபோது எனக்குப் புதிதாக இருக்கவில்லை. சைக்கிளின் முன்சில்லில் இருக்கும் குண்டின் குறுக்களவும் அதுவே. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது, அந்தக் கடைக்காரர் என்னை மறித்து ஒரு தீப்பெட்டியைக் கையில் தந்தார். “தம்பி, பாரம் ஏத்திப் போறாய். வழியிலை உடையும், வைச்சிரு” என்றார். திறந்து பார்த்தேன். கிறீஸ் பூசிய பத்துக் குண்டுகள். காசு வாங்கவில்லை. அன்று நாவற்குழிவரை சைக்கிளை ஏறி ஓட்டவில்லை. இரண்டு மூட்டைகளோடு மழையில் உருட்டிக்கொண்டே போனேன். முன்சில்லு உடையவில்லை.

2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது வேறொரு கட்டடம். தீப்பெட்டி என்னிடம் இருக்கிறது. தோழரின் கொட்டகையில் நின்றபோது, அதிலுள்ள ஒரு குண்டு அவரது அச்சின் முனைக்குச் சரியாகப் பொருந்தும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இதை வாசிக்கும்போது அவருக்குத் தெரியட்டும்.